சிறுநீர்க் கசிவுக்கு ஆபரேஷன் ஆன பிறகு குழந்தை பெறலாமா?

[திரையில்: தலைப்பு]

வணக்கம். இருமினால், தும்மினால், எடை தூக்கினால் சிறுநீர் கசிந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டீர்கள், கசிவும் நின்றுவிட்டது. இப்போது கர்ப்பம், அல்லது இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசை. உடனே இரண்டு பயம் வரும். செய்த ஆபரேஷன் வீணாகிவிடுமா? இனி சிசேரியன்தானா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆபரேஷன் கருத்தரிப்பதைத் தடுக்காது. குழந்தை வளர்வதற்கும் அதனால் இடைஞ்சல் இல்லை. சிசேரியன் கட்டாயமும் இல்லை. கசிவு சிலருக்குத் திரும்ப வரலாம், அது உண்மை. ஆனால் அப்படி வந்தாலும் வழி அடைபட்டுப் போவதில்லை.

[திரையில்: இடுப்பின் பக்கவாட்டுப் படம்]

சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர் வெளியேறும் குழாய் இருக்கிறது. அதை அடியிலிருந்து தாங்குபவை இடுப்புத் தளத் தசைகளும், பெண்ணுறுப்பின் முன்சுவரும். கர்ப்பமும் பிரசவமும் இந்தத் தாங்குதலைத் தளர்த்திவிடுகின்றன. அதன்பின் இருமும்போது வயிற்றில் ஏறும் அழுத்தத்தைக் குழாயால் தடுக்க முடிவதில்லை. அதுதான் கசிவு.

அதிகம் செய்யப்படும் ஆபரேஷன் ஸ்லிங். சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் வலைபோல நெய்த டேப்பைக் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் தூளி கட்டியதுபோல வைப்பார்கள். 1990களில் வந்த டிவிடி (TVT) முறையில் அது இடுப்பெலும்புக்குப் பின்னால் மேல்நோக்கிப் போகும். டிஓடி (TOT) முறையில் தொடைப் பக்கமாகப் போகும். சிலருக்கு செயற்கை டேப்புக்குப் பதிலாக அவர்கள் உடலிலிருந்தே எடுத்த திசுப் பட்டை வைத்திருப்பார்கள். பர்ச் என்ற பழைய முறையில் டேப் கிடையாது. சிறுநீர்ப்பைக் கழுத்துக்கு இருபுறமும் தையல் போட்டு இடுப்பெலும்புக்குப் பின்னால் உயர்த்திக் கட்டுவார்கள்.

உங்களுக்கு நடந்தது இவற்றில் எது? பலருக்குத் தெரியாது, அது அவர்கள் குற்றமும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பம் உறுதியானதும் முதல் பரிசோதனையிலேயே அதை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லாமல் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கூச்சப்பட்டு இதை மறைக்கும் பெண்கள் நிறைய. இந்த வீடியோவிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால், மறைக்காமல் சொல்வதை வையுங்கள்.

இந்த வலை டேப்பை மெஷ் என்றும் சொல்வார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டுப் பயந்தவர்களும் இருப்பீர்கள். தீராத வலி, டேப் திசுவை அரித்து வெளியே தெரிவது போன்ற புகார்கள் வந்ததால், 2018 ஜூலையில் இங்கிலாந்தில் இந்த மெஷ் ஆபரேஷன்களை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பெண்கள் பட்ட வேதனையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் தொந்தரவு தராமல் உள்ளே இருக்கும் டேப்பைக் கர்ப்பத்துக்காக எடுக்க வேண்டியதில்லை. வலியோ, காரணம் தெரியாத இரத்தக் கசிவோ இருந்தால் மட்டும் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

[திரையில்: சுகப்பிரசவமா, சிசேரியனா?]

சரி, பிரசவத்துக்கு வருவோம். டேப் இருப்பது பெண்ணுறுப்பின் முன்சுவருக்குள், குழாயின் அடியில். அது குழந்தை வரும் வழியை அடைப்பதில்லை. அப்படியானால் சிசேரியன் பேச்சு ஏன் வருகிறது? பிரசவத்தில் அந்தப் பகுதி விரியும்போது ஆபரேஷனின் பலன் போய்விடுமோ என்ற கவலைதான். நியாயமான கவலை. ஆனால் மாதக்கணக்கில் குழந்தையின் எடையைத் தாங்குவதும், ஹார்மோன்களால் திசுக்கள் இளகுவதும்கூடத் தாங்குதலைத் தளர்த்துகின்றன. சிசேரியன் செய்தால் அவை நடக்காமல் போய்விடாது. ஸ்லிங்குக்குப் பிறகு குழந்தை பெற்றவர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றில் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் சிசேரியன் ஆனவர்களுக்கும் கசிவில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. சிசேரியனோ பெரிய ஆபரேஷன். இரத்தப்போக்கு, தொற்று, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சிக்கல் என்று அதற்கும் விலை உண்டு. டேப்பைக் காப்பாற்ற மட்டும் சிசேரியன் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு மருத்துவக் காரணம் இருந்தால் அது வேறு கதை. முழு விவரமும் கேட்டபின் சிசேரியனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கடினமான பிரசவத்தில் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, இரவு பகலாகச் சிறுநீர் ஒழுகி, அதை அடைக்க ஆபரேஷன் செய்திருந்தால் கணக்கே வேறு. அவர்களுக்குப் பொதுவாக அடுத்த பிரசவம் திட்டமிட்ட சிசேரியன்தான், அதுவும் வசதியுள்ள மருத்துவமனையில்.

பர்ச் ஆனவர்களுக்கு சிசேரியன் தேவைப்பட்டால், முன்பே அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பழைய தழும்பால் சிறுநீர்ப்பை இடம் மாறி ஒட்டியிருக்கக்கூடும். தெரிந்தால் கவனமாகப் பிரித்துச் செய்வார்.

[திரையில்: கர்ப்ப காலத்தில் கவனிக்க]

கர்ப்பத்தில் அடிக்கடி சிறுநீர் வருவது எல்லோருக்கும் உள்ளது. கவனிக்க வேண்டியது அதற்கு நேர்மாறானது: முக்கினால்தான் வருகிறது, தாரை மெலிந்துவிட்டது, போய் வந்த பிறகும் நிறைந்தே இருக்கிறது. அப்போது மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். அப்படித் தேங்கினால் தொற்று சுலபமாக வரும். தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குறைமாதப் பிரசவமும் ஆகலாம். எரிச்சல், காய்ச்சல், முதுகுப் பக்கம் வலி இருந்தால் தாமதிக்காமல் யூரின் டெஸ்ட் செய்யுங்கள்.

கர்ப்பத்தில் கசிவு திரும்பினால் ஆபரேஷன் தோற்றுவிட்டதென்று முடிவுகட்டாதீர்கள். ஆனால் கடைசி மாதங்களில் நனைவது எதனால் என்று பாருங்கள். அடக்கவே முடியாமல் தொடர்ந்து வழிந்தால் அது பனிக்குட நீராக இருக்கலாம். அப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்; பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம்.

இடுப்புத் தளத் தசைகளுக்கான கெகல் பயிற்சியைக் கர்ப்பத்திலும் செய்யலாம். வாயுவை அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, பிறகு முழுவதும் தளர்த்துங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம், பிட்டத்தை இறுக்க வேண்டாம். ஒரு நேரத்துக்கு 8 தடவையாவது, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சரியாகச் செய்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

[திரையில்: பிரசவத்துக்குப் பின்]

பிரசவமானபின், அல்லது சிறுநீர் வடிய வைத்த குழாயை (கத்தீட்டர்) எடுத்தபின், 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டவர்களுக்கு உணர்ச்சி மழுங்கியிருக்கும் என்பதால் நிறைந்தது தெரியாமலே போகலாம். வரவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள்.

முதல் சில வாரங்களில் கசிந்தால் பயிற்சியைத் தொடருங்கள். பலருக்கு மாதங்கள் போகப்போகக் குறைகிறது. குறையாவிட்டால் பரிசோதனைகள் செய்து, தேவையானால் இன்னொரு ஸ்லிங் வைப்பதும் உண்டு. அந்தப் பேச்சு வரும்போது இன்னும் குழந்தை வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றால், அதுவரை பயிற்சியும், உள்ளே வைக்கும் தாங்கு வளையமும் கொண்டு சமாளித்து, ஆபரேஷனை அந்தப் பிரசவத்துக்குப் பின் தள்ளிவைப்பதே பொதுவாகச் சொல்லப்படும் வழி.