வாங்குமுன் வரி ரசீதைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பர்மா தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளை கலந்து பூசிய சுவர். பார்க்கட்டும். ஆனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: சொத்து வரி ரசீதைக் கேளுங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். ஐம்பது லட்சத்துக்கு வீடு, மாத வாடகை 12,000. அரையாண்டு வரி 6,000 என்றால், வருஷத்தில் ஒரு மாத வாடகை வரிக்கே போய்விடும். 2022-ல் நம் நகராட்சி, பேரூராட்சிகளில் வரியைத் திருத்தியபோது, 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புக்கு நூறு சதவீதம் கூட்டினார்கள். நம்ம பக்கத்துப் பெரிய வீடு எது அந்த அளவுக்குள் அடங்கும்? வரி இரட்டித்தது, வாடகை இரட்டிக்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். தங்கும் விடுதி நடத்த அவருக்கு ஆசை. பட்டாலையில், அதாவது உள்ளே உயர்த்திக் கட்டிய கூடத்தில், உட்கார்ந்திருந்த வீட்டு ஆச்சி, மஞ்சள் பையிலிருந்து ரசீதுகளை ஒவ்வொன்றாக நீவி எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் குடும்பத்துப் பெரியவரான ஐயா பெயரில். பங்காளிகள் ஆறு புள்ளி, அதாவது ஆறு குடும்பம். மூத்தவர் ஒருவரே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மற்றவர்கள் பங்கு தராததால் நாலு வருஷமாக அவரும் நிறுத்திவிட்டார். அதில் ஆச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பொதுவீடுகள் பலவற்றில் நடப்பதுதான்.

"அது அவங்க பாக்கிதானே அண்ணே, எனக்கென்ன?" என்றார் வந்தவர். இல்லை. வரிப் பாக்கி சொத்தின் மேல் நிற்கும். வாங்குகிறவர் தலையில்தான் விடியும். அதோடு, விடுதியாக்கினால் குடியிருப்புக்கான சொத்து வரி போய் வணிகக் கட்டடத்துக்கான சொத்து வரி வந்துவிடும். ஆச்சி காட்டிய தொகையை வைத்து லாபக் கணக்கு போட முடியாது. வந்தவர் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து கணக்கைத் திருப்பிப் போட்டார். பாக்கியைக் கழித்துத்தான் விலை பேசினார். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், முன்பணம் கொடுக்குமுன் ரசீது.

ஒன்று கவனியுங்கள். வரி ரசீது உங்கள் பெயரில் இருந்தாலே சொத்து உங்களுடையது ஆகிவிடாது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று தனி.

காலிமனை பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. நகர எல்லைக்குள் வெறும் மனைக்கும் காலியிட வரி உண்டு. வாடகை வராத இடத்துக்குக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கடைசியாக ஒன்று: சொத்து வரியை அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் சலுகை, உச்சம் 5,000 ரூபாய். வணக்கம்.