பச்சிளங்குழந்தைக்கு மயக்க மருந்து: 1 மில்லிமீட்டர் வீக்கம் என்ன செய்யும்?

(திரையில்: பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாய்ப் படம்)

வணக்கம். பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் மூச்சுப்பாதையில் 1 மில்லிமீட்டர் வீக்கம் ஏற்பட்டால், காற்று உள்ளே செல்வதற்கான தடை எத்தனை மடங்கு கூடும்? உங்கள் ஊகத்தைக் கருத்துப் பகுதியில் எழுதிவிட்டுத் தொடர்ந்து பாருங்கள்.

பிரெஞ்சு மருத்துவர் பியர் ரோபின் 1923இல் விவரித்த நிலையுடன் பிறக்கும் குழந்தைகளுக்குக் கீழ்த்தாடை சிறுத்திருக்கும். நாக்கு பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைக்கும். அறுவை சிகிச்சையின்போது மூச்சளிப்பதற்காக வாய்வழியே சுவாசக் குழாய் செலுத்த முயலும்போது குரல்வளையே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அவகாசமும் குறைவு: பெரியவர்கள் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிட, பச்சிளங்குழந்தை 6 முதல் 8 மில்லிலிட்டர் செலவிடுகிறது.

(திரையில்: 4 மி.மீ., 2 மி.மீ. வட்டங்கள்)

இப்போது அந்தக் கணக்கு. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாதை, சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் 2 மில்லிமீட்டராகிவிடும். சீராக ஓடும் காற்றுக்கான தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், ஆரம் பாதியாகும்போது தடை 16 மடங்காகிறது. 8 மில்லிமீட்டர் பாதையில் அதே வீக்கம் தடையை மூன்று மடங்கு அளவுக்கே உயர்த்தும். குழந்தை வீறிட்டு அழும்போது காற்று கொந்தளித்து ஓடுவதால் ஐந்தாம் அடுக்கு பொருந்துகிறது; அப்போது தடை 32 மடங்கு! இந்த எண்ணை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடும் அச்சத்தோடுமே சொல்கிறேன்.

குரல்வளையைப் பார்க்க உதவும் கருவியான லாரிங்கோஸ்கோப்பைத் திரும்பத் திரும்ப உள்ளே செலுத்துவதே அந்த வீக்கத்தை உண்டாக்கக்கூடும். ஐரோப்பிய மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான நெக்டரைன் ஆய்வில், சிறு குழந்தைகளுக்கான சுவாசக் குழாய் செலுத்துதலில் 5.8 விழுக்காடு கடினமானதாகப் பதிவாயிற்று. எனவே முதல் முயற்சியே சிறந்த முயற்சியாக அமைய வேண்டும்: வீடியோ லாரிங்கோஸ்கோப், முயற்சியின்போதும் மூக்கு வழியே இடைவிடாத ஆக்சிஜன், அருகில் அனுபவமுள்ள இன்னொருவர். குழாய் நுழையவில்லையென்றால் பிடிவாதம் காட்டாமல் முயற்சியை நிறுத்தி, மாஸ்க் மூலம் மூச்சளிப்பதே திறமை என்பது என் உறுதியான கருத்து. 5 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கான லாரிஞ்சியல் மாஸ்க்கை, அதாவது குரல்வளையின் மேல் பொருந்தும் மூச்சளிப்புக் கருவியைப் பொருத்தி, அதனூடாக வளையும் கேமராக் குழாயைச் செலுத்தி, அதன் வழிகாட்டலில் சுவாசக் குழாயை வைக்கவும் முடியும்.

பெற்றோர்களே, உங்கள் குழந்தை மூச்சுவிடும்போது குறட்டை போன்ற ஒலி கேட்டாலோ, பால் குடிக்கும்போது மூச்சுத் திணறினாலோ, மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குழாய் செலுத்துவது கடினமாக இருந்திருந்தால், எந்த முறை பலன் தந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இத்தகைய குழந்தைகள் பலருக்கும் இருக்கும் பிளவுபட்ட அண்ணத்துக்காகப் (வாயின் மேற்கூரை) பின்னர் அறுவை சிகிச்சை செய்யும் குழுவுக்கு அந்தத் தாள் தேவைப்படும்.