சோப்புக் குமிழி போட்ட கோலம்: தூரிகை தொடாத வாழ்த்து அட்டை

[திரையில்: வாழ்த்து அட்டை ஒன்று, மிக அருகில்]

இந்த நீலப் பின்னணியில் ஓடும் கோடுகளைப் பாருங்கள். தூரிகையோ பேனாவோ இதைத் தொடவே இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் மை, ஒரு ஸ்ட்ரா, நம் மூச்சு. அவ்வளவுதான். "எனக்குப் படம் வரைய வராதே" என்று நகரப் பார்க்கிறவர்களே, இது உங்களுக்காகவே எடுத்த வீடியோ. இருங்கள்.

வரலாறு ஒரே மூச்சில்: 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி, வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லாமல், ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஓர் அட்டை வரைந்து வாங்கினார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அது. அச்சடித்த பிறகு அதற்கும் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள்! சரி, மைக்கு வருவோம்.

டை இங்க், பிக்மென்ட் இங்க் என்று இரண்டு வகை உண்டு. டை இங்க்கில் சாயம் நீரில் கரைந்திருக்கும். தாளுக்குள் ஊறிப் பரவும். பிக்மென்ட் இங்க்கில் நுண்துகள்கள் தாளின் மேலேயே தங்கும். நீரோடு விளையாட டை இங்க்தான் வேண்டும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) வாட்டர்கலர் தாளாக இருந்தால் நனைந்தாலும் தாங்கும். அதிலும் வழவழப்பானதை எடுங்கள், கோடுகள் சுத்தமாக விழும்.

[திரையில்: கிண்ணத்தில் நுரை பொங்குகிறது]

சிறிய கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், ஒரு ஸ்பூன் சோப்புத் திரவம், தாராளமாக மை. ஸ்ட்ராவை அடிவரை விட்டு மெதுவாக ஊதுங்கள். குழந்தைகள் ஊதுவதாக இருந்தால் ஸ்ட்ராவின் மேல்பாதியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள். மறந்துபோய் உறிஞ்சினாலும் மை வாய்வரை ஏறாது. குமிழிகள் விளிம்புக்கு மேல் எழும்பியதும் தாளை அவற்றின் மேல் பட்டும் படாமல் வைத்து எடுங்கள். அழுத்தினால் திட்டுத் திட்டாகிவிடும். குமிழி தாளைத் தொட்ட ஓரங்களில்தான் மை சேரும். குமிழி உடைந்த பிறகும் அது கோடாக நிற்கும்.

இப்போது நான் இந்த வீடியோ எடுத்ததற்கான காரணத்துக்கு வந்துவிட்டேன். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். அநேகமாக எல்லா இடத்திலும் மூன்று கோடுகள்! கோணம் ஏறக்குறைய 120 டிகிரி. சோப்புப் படலம் எப்போதும் சுருங்கப் பார்க்கும். சம பலமுள்ள மூன்று பேர் மூன்று பக்கமும் கயிற்றை இழுத்தால் முடிச்சு அசையாமல் நடுவில் நிற்கும் அல்லவா? அப்படித்தான் மூன்று படலங்களும் சமமாக இழுத்து நிற்கின்றன. நான்கு ஒரே இடத்தில் சேர்ந்தால் நிலைக்காது, உடனே இரண்டு சந்திப்புகளாகப் பிரிந்துவிடும்.

இந்த விதியை 1873-இல் எழுதி வைத்தவர் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாத்தோ. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் பார்வையை இழந்திருந்தார். உடனிருந்தவர்கள் குமிழிகளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் விதியைக் கண்டுபிடித்தார். அது ஏன் அப்படி என்பதற்கான முழுக் கணித நிரூபணம் கணிதவியலாளர் ஜீன் டெய்லர் மூலம் 1976-இல்தான் வந்தது. நூறு ஆண்டுகள் காத்திருந்த கணக்கு நம் வாழ்த்து அட்டையில் பதிந்து கிடக்கிறது. இதைவிட அழகான பின்னணி எனக்குத் தெரியாது. உங்கள் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்ன கண்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. பிளாஸ்டிக் உறைமேல் மையைத் தேய்த்து, தண்ணீர் தெளித்து, தாளைக் கவிழ்த்து ஒற்றுங்கள். ஈரமான வண்ணத்தில் கல்லுப்பைத் தூவினால் பூப்பூவாக வெளுக்கும்.

அப்புறம், பின்னணியை அட்டையிலேயே நேராகப் போடாதீர்கள். பெரிய தாளில் பதித்து முழுக்கக் காயவிடுங்கள். ஒரு துண்டு அட்டையில் ஜன்னல்போல வெட்டி, அதைத் தாள்மேல் நகர்த்திக்கொண்டே போனால் மனதுக்குப் பிடித்த பகுதி தானே கண்ணில் படும். அதை மட்டும் வெட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்து, இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். நீர்ப்பசை போட்டால் மறுபடி வளையும். டை இங்க் ஈரம் பட்டதும் கசியவும் செய்யும். வாழ்த்து வரி சின்ன வெள்ளைப் பட்டையில், ஒரு மூலையில் இருந்தால் போதும். பெரிய பூவை ஒட்டிக் குமிழிகளை மறைத்துவிடாதீர்கள், தயவுசெய்து!