மனைக்கல் நடுவதற்கு முன்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரியிலிருந்து அரூர் போங்கள், பாலக்கோடு போங்கள், கிருஷ்ணகிரி போங்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் ஒரு காட்சி கண்ணில் படாமல் இருக்காது. போன வருஷம் கேழ்வரகோ அவரையோ நின்ற கொல்லையில் இந்த வருஷம் வரிசையாக மனைக்கல், கல்லுக்கு மஞ்சள் பெயின்ட், நடுவில் மண் ரோடு, முகப்பில் ஒரு வளைவு, காற்றில் படபடக்கும் கலர் கொடிகள்.

நான் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்தபோது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். 2004-ல்தான் பிரிந்தது. இரண்டு பக்கமும் கொல்லை கொல்லையாகச் சங்கிலி இழுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒரே ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறேன். மனைக்கல் நடுவதற்கு முன்னால் அந்த ஊர் தன் ஓடையை நடந்து பார்க்க வேண்டும்.

வீடு கட்டாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், ஒரே கூரை என்றால் எத்தனை நாள் தாங்கும்? மூன்று சென்ட் வாங்கி ஒரு வீடு கட்டுவது ஒரு குடும்பத்தின் பாதி ஆயுள் உழைப்பு. அந்த உழைப்பு தண்ணீரில் நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

பல வருஷங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு ஊர். கரட்டு அடிவாரம், அதாவது சின்னக் குன்றின் அடிவாரம். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரு பையன், அங்கே மனை வாங்கி, கடன் வாங்கி வீடு கட்டியிருந்தான். பக்கத்து மனைக்காரரோடு காம்பவுண்டு தகராறு. அளந்து பார்க்கப் போனேன். அளவு சரியாகவே இருந்தது, ஒரு அடி கூட மாறவில்லை. கிளம்பும்போது பையன், "சார், ஒரு நிமிஷம் உள்ளே வந்து பாருங்கள்" என்றான். சமையலறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து கிடந்தது. அரிசி மூட்டையைச் செங்கல் அடுக்கி அதன் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். "மழை பெய்தால் இந்த ஒரு ரூமுக்கு மட்டும் தண்ணீர் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை" என்றான்.

வெளியே புளியமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அது பள்ளம் சாமி. கரட்டுத் தண்ணி ஏரிக்குப் போற பள்ளம். நான் கட்டிக்கிட்டு வந்தப்ப அதுலதான் துணி தொவைப்போம்" என்றார். "காட்டுறீங்களா அம்மா?" என்று கேட்டேன். கையில் இருந்த குச்சியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மனைப்பிரிவுக்கு மேற்கே, இன்னும் விற்காத கொல்லையில், புங்கமரமும் நொச்சியும் வளைந்து வளைந்து ஒரே வரிசையாக வருகின்றன. யாரும் நட்ட வரிசை இல்லை, தண்ணீர் போன வழியில் தானாக முளைத்தவை. அந்த வரிசை மனைப்பிரிவின் வேலிக்கல்லோடு நின்றுவிடுகிறது. கிழக்கே போனால் தார் ரோடு. ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கல்பாலம். ரோடு போட்டவர்கள் காரணமில்லாமல் பாலம் கட்டுவார்களா? தண்ணீர் வந்தது, கட்டினார்கள். அந்தப் பாலத்தின் மேல்பக்க வாய் மண் கொட்டி மூடிக் கிடந்தது. பாலத்தைத் தாண்டினால் மறுபடியும் புங்கமரம், அதற்கப்புறம் ஏரி. ஏரியில் சீமைக்கருவேலம் மட்டும்தான் இருந்தது. கரட்டிலிருந்து ஏரி வரைக்கும் ஒரு கோடு இழுத்தால் அந்தப் பையனின் சமையலறை நடுவில் வருகிறது.

சரி, இது எப்படி நடந்தது? படம் காட்டாமல் சொல்லிப் பார்க்கிறேன். பெரிய ஓடைக்குத் தனி சர்வே எண் உண்டு. ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதி வைக்கும் 'அ' பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும். அதைத் தொட்டால் கேட்க ஆள் உண்டு. சின்னப் பள்ளங்கள் அப்படி இல்லை. அவை பட்டா நிலத்துக்கு உள்ளேயே ஓடும். தனி எண் கிடையாது. பழைய புலப்படத்தில், அதாவது நிலத்தை அளந்து வரைந்த படத்தில், ஒரு கோடாக மட்டும் இருக்கும். நிலம் கைமாறி, உட்பிரிவாகி, புதுப் படம் வரையும்போது அந்தக் கோடு விட்டுப்போனால் காகிதத்தில் ஓடையே இல்லை. மழைக்கு நம் காகிதம் தெரியாது. அந்த மனைப்பிரிவு வரைபடத்தைப் போட்டவர்களும் பார்த்தவர்களும் பாலத்தின் வாயை ஒரு முறை குனிந்து பார்த்திருந்தால் போதும். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

2024 டிசம்பர் மாதத் தொடக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. ஏரி நிறைந்து வழிந்து, ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர். அப்படியானால் 50 சென்டிமீட்டருக்கு 20 லட்சம் லிட்டர். இது ஒரே ஒரு ஏக்கருக்கு. உழுத மண்ணாக இருந்தால் கொஞ்சம் குடிக்கும். சிமென்ட் ரோடும் மொட்டை மாடியும் எதைக் குடிக்கும்? பழைய வழியைத் தேடிக்கொண்டுதான் தண்ணீர் போகும். அதனால்தான் சொல்கிறேன், ஓடையை நடந்து பாருங்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பல பேருக்கு 'அப்ரூவ்டு' என்ற சொல்லே தெரிந்தது. 2019-ல் வந்த கட்டட விதிகளின்படி, ஒரு மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பல இடங்களில் யாருக்கும் உதவாத முக்கோண மூலையைப் பூங்கா என்று விடுகிறார்கள். அந்த 10 சதவீதத்தை ஓடையின் இரண்டு கரையிலும் விட்டால் என்ன? மனை எண்ணிக்கை குறையாது. ஓடையும் பிழைக்கும், மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாடவும் இடம் கிடைக்கும். வரைபடம் கையில் வரும்போது ஊராட்சி இதைக் கேட்க வேண்டும்.

அப்புறம் நத்தம், அதாவது ஊரின் பழைய குடியிருப்பு இடம். நம் ஊர்களில் மேடான இடம் பார்த்துத்தான் முன்னோர் குடியிருந்தார்கள். அந்த நத்தத்தில் இன்றைக்கு எத்தனை இடிந்த வீடு, எத்தனை குட்டிச்சுவர்! பங்காளிகள் நாலு பேர், பட்டா ஒருவர் பெயரில், அவரும் பெங்களூரில். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதற்கு ஒரு சென்ட் இடமே போதும். பட்டா பிரியாததால் அந்த இடம் சும்மா கிடக்க, அதே குடும்பத்துப் பையன் பள்ளத்தில் கடன் போட்டு மனை வாங்குகிறான். ஊருக்குள் இருக்கும் காலி இடத்தை முதலில் நிரப்பினால் எத்தனையோ ஏக்கர் கொல்லை கொல்லையாகவே இருக்கும். இதற்கு ஒரு முழு உரையே வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான். கிராம சபையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு ஊரின் பழைய புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் வயதில் மூத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கரட்டிலிருந்து ஏரி வரைக்கும் பள்ளத்தோடு நடந்து வாருங்கள். எந்தெந்த சர்வே எண்ணில் தண்ணீர் போகிறது என்று எழுதித் தீர்மானமாகப் போடுங்கள். நாளைக்கு மனைப்பிரிவு வரைபடம் ஊராட்சிக்கு வரும்போது, தலைவர் கையில் அந்தத் தீர்மானம் இருக்கட்டும்.

அந்தப் பையன் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறான். பாலத்தின் வாயில் இருந்த மண்ணை ஊரே சேர்ந்து ஒரு நாள் வெட்டி எடுத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஓடைக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் எனக்குப் போன் செய்வான்.

வாய்ப்புத் தந்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.