162 ஆட்டத்தையும் எப்படி அக்கா விடாமல் பார்க்கிறீர்கள்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், வாசித்துவிடுகிறேன்.

"அக்கா, சிகாகோ கப்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்ப்பதாகப் போன வீடியோவில் சொன்னீர்கள். ஐபிஎல்லில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டம்தான், அதற்கே கடைசி வாரத்தில் எங்கள் வீட்டில் சலித்துப்போகிறது. 162 ஆட்டம் என்றால் அலுக்காதா? ஆகஸ்டில் தினம் தினம் ஆடுகிறார்களே, அதில் ஓர் ஆட்டம் தோற்றால் என்ன, ஜெயித்தால் என்ன? நான் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தால் எங்கே தொடங்குவது?"

நல்ல கேள்வி தம்பி. நான் சிகாகோ வந்த புதிதில் இதையேதான் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த பென்சிலையும் ஸ்கோர் அட்டையையும் என்னிடம் கொடுத்து, "அடுத்த இன்னிங்ஸை நீ எழுது" என்றார். அன்று பிடித்த பென்சிலை இன்னும் கீழே வைக்கவில்லை.

முதலில் ஒரு கணக்கு. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய ஆறு மாதம். அதற்குள் 162 ஆட்டம், பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். ஓர் ஊருக்குப் போனால் மூன்று நாளோ நான்கு நாளோ அங்கேயே தங்கி அதே அணியோடு ஆடுவார்கள், அதற்கு சீரிஸ் என்று பெயர். ஜூலை நடுவில் ஆல் ஸ்டார் என்ற, சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆட்டத்துக்காக நான்கு நாள் இடைவெளி. அதை விட்டால் வாரத்தில் ஆறு நாள், சில வாரம் ஏழு நாளும் ஆட்டம். ஓய்வு நாள் இல்லாமல் தொடர்ந்து 20 நாளுக்கு மேல் அட்டவணை போடக்கூடாது என்று வீரர்கள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் மழை வந்தால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அலுக்காதா என்று கேட்டீர்கள். ஐபிஎல் ஆட்டத்தை நாம் கல்யாண வீட்டுக்குப் போவது போலப் பார்க்கிறோம். வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உட்காருகிறோம். 162 ஆட்டத்தை அப்படிப் பார்த்தால் யாருக்கும் தாங்காது. இது வீட்டு முற்றத்தில் தினமும் நடக்கிற விஷயம். நான் அலுவலகத்திலிருந்து ரயிலில் வரும்போது காதில் 670 அலைவரிசையில் பேட் ஹ்யூஸ் வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். 1996-லிருந்து கப்ஸ் ஆட்டங்களை வானொலியில் சொல்லிவருகிற மனிதர் அவர். மட்டையில் பந்து பட்டது, கூட்டம் எழுந்தது, பந்து எங்கே போகிறது என்பதை அவர் குரல் ஏறுகிற விதத்திலேயே தெரிந்துகொள்ளலாம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒருமுறை பேட் செய்யும். வெங்காயம் நறுக்கும்போது மூன்றாவது இன்னிங்ஸ், சாப்பிடும்போது ஐந்தாவது. கடைசி மூன்று இன்னிங்ஸுக்குத்தான் கை வேலையை விட்டுவிட்டு உட்காருவேன்.

முன்பு ஓர் ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். 2023-ல் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர், இத்தனை நொடிக்குள் எறிந்தே ஆகவேண்டும் என்று கடிகாரம் வைத்த பிறகு சராசரி 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. தினமும் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

சரி, உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி இதுதான்: நெருக்கமாக ஆட்டம் வரும் நாட்களில் எதைப் பார்ப்பது? என் பதில், பிட்சரின் கையைப் பாருங்கள்.

ஓர் அணிக்கு ஐந்து ஸ்டார்ட்டர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற பிட்சர்கள், இருப்பார்கள். இன்று எறிந்தவர் குறைந்தது நான்கு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டுதான் மறுபடி வருவார். 90, 100 பந்து எறிந்ததும் மேனேஜர் பெரும்பாலும் அவரை எடுத்துவிடுவார். மீதி இன்னிங்ஸை ரிலீவர்கள் என்ற மாற்று பிட்சர்கள் முடிக்கவேண்டும். ரிலீவர் வந்தால் ஒரு இன்னிங்ஸ், 15, 20 பந்து. அவரை அடுத்த நாளும் கூப்பிடலாம். மூன்றாவது நாளும் கூப்பிடுவது அபூர்வம். முழங்கை தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் வெளியே உட்காரவேண்டும். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாக அந்த அறுவை சிகிச்சை செய்தார்கள், இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாமே மாறிவிடும். இன்று 8-1 என்று ஜெயித்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் ஸ்டார்ட்டர் நான்காவது இன்னிங்ஸிலேயே களைத்துப்போய்விட்டார் என்று வையுங்கள். ஜெயித்தது நல்லதுதான். ஆனால் நான்கு ரிலீவர்கள் செலவாகிவிட்டார்கள், நாளை யார் இருக்கிறார்கள்? இன்னொரு நாள் 2-6 என்று தோற்கிறோம், ஆனால் ஸ்டார்ட்டர் அடி வாங்கிக்கொண்டே ஏழு இன்னிங்ஸ் நின்று கொடுத்தார். அந்தத் தோல்வி அடுத்த இரண்டு நாளைக்குச் சேமிப்பு. ஓய்வு நாள் இல்லாத வாரங்களில் மேனேஜர் மளிகைச் சாமான் டப்பாவைத் திறந்து திறந்து பார்க்கிற மாதிரி, ரிலீவர்கள் காத்திருக்கும் இடமான புல்பென்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அதையேதான் செய்கிறேன். என் நோட்டில் ஒரு பக்கம் ரிலீவர்கள் பெயர், எதிரே கடந்த மூன்று நாளில் எறிந்த பந்துகளின் எண்ணிக்கை.

இப்போது மழைக் கதை. 2018. கப்ஸ் அந்த வருடம் ஆகஸ்ட் 21-லிருந்து செப்டம்பர் 19 வரை தொடர்ந்து 30 நாள் அட்டவணையில் ஆட்டம் இருந்த அணி. முதலில் போட்ட அட்டவணையில் நடுநடுவே ஓய்வு நாட்கள் இருந்தன. மே மாதம் அட்லாண்டாவில் மழையால் நின்ற ஆட்டத்தை ஆகஸ்ட் 30-ல் திணித்தார்கள், ஓர் ஓய்வு நாள் போயிற்று. செப்டம்பரில் வாஷிங்டனில் மழையால் தள்ளிப்போனதை 13-ந்தேதி வைத்தார்கள், இன்னொன்றும் போயிற்று.

அதற்கு முன்பே ஒரு நல்ல அறிகுறி தெரிந்த மாதிரி இருந்தது. ஆகஸ்ட் 12, ஞாயிறு இரவு, வாஷிங்டன் நேஷனல்ஸோடு எங்கள் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் ஆட்டம். அவர்கள் பிட்சர் மேக்ஸ் ஷெர்சர் ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, 0-3. ரயன் மேட்சன் எறிகிறார், இரண்டு பேட்டர்களைப் பந்தால் அடித்துவிட்டார், அடிபட்டவர் முதல் பேஸுக்குப் போய்விடலாம். பேஸ் என்பது ரன் எடுக்க ஓடித் தொடவேண்டிய இடம். இப்போது மூன்று பேஸிலும் ஆள். இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் ஆட்டம் முடிந்தது. டேவிட் போட்டி என்ற புது ஆள், அன்று ஆடவே இல்லாதவர், மாற்று பேட்டராக வந்தார். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, மூன்றாவது ஆனால் அவுட். அடுத்து அடித்தார் பாருங்கள், நேர் நடுவே, வேலிக்கு மேலே. ஹோம் ரன், அதுவும் மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது. ஒரே அடியில் நான்கு ரன், அதற்குத்தான் கிராண்ட் ஸ்லாம் என்று பெயர். 4-3. வீட்டில் நான் போட்ட சத்தத்தில் மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். அவரும் கப்ஸ் ரசிகர்தான், சேர்ந்து கத்துவதற்கு இறங்கி வந்தார்.

அந்த 30 நாளுக்குள் வந்த ஆகஸ்ட் 28 எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நியூயார்க் மெட்ஸோடு ஆட்டம், ஜேக்கப் டிகிராம் எட்டு இன்னிங்ஸ் எறிந்தார். அந்த வருடம் அவர் நேஷனல் லீகின் (இங்குள்ள இரண்டு லீகுகளில் கப்ஸ் ஆடுவது) சிறந்த பிட்சர், சை யங் விருது வாங்கினார். 1-1 என்று நிற்கும்போது பத்தாவது இன்னிங்ஸில் மழை பிடித்துக்கொண்டது. ரிக்லிக்குக் கூரை கிடையாது. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். என் ஸ்கோர் அட்டை சாப்பாட்டு மேஜையில் ராத்திரி முழுக்கக் கிடந்தது. ஒன்பது கட்டங்கள் நிறைந்திருந்தன, ஒவ்வொன்றிலும் சின்னச் சதுரம். களத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பிடித்து, இரண்டாம் பேஸ்காரருக்குக் கொடுத்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்தால் 6-4-3 என்று எழுதுவோம். மூன்றாவது ஸ்ட்ரைக்கை மட்டை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனவருக்கு ஆங்கில 'கே' எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதுவோம். அதெல்லாம் ஒழுங்காக இருந்தது. பத்தாவது கட்டத்துக்கு மேல் வெறுமை. காலையில் காப்பி டம்ளரை அதன்மேல் வைத்துவிடக்கூடாது என்று தட்டு போட்டு மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் பென் ஸோப்ரிஸ்ட் அடித்து, 11 இன்னிங்ஸில் 2-1. மேலே ஸ்கோர் பலகையில் வெள்ளைக் கொடி ஏறியது. கப்ஸ் ஜெயித்தால் நீல நிற 'டபிள்யூ' எழுத்துப் போட்ட வெள்ளைக் கொடி, தோற்றால் நீலக் கொடி. ரயிலில் போகிறவர்கள் ஜன்னலிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கையோடு அன்றே அடுத்த ஆட்டமும் நடந்தது, அதில் செமத்தியாகத் தோற்றோம்.

செப்டம்பர் தொடக்கத்தில் எங்கள் பிரிவில் இருக்கும் மில்வாக்கி ப்ரூவர்ஸைவிட ஐந்து ஆட்டம் முன்னால் இருந்தோம். அப்புறம்தான் கைகள் ஓய்ந்தன. 13-ந்தேதி ஒரே ஓர் ஆட்டத்துக்காக வாஷிங்டன் பறந்தார்கள். 10 இன்னிங்ஸில் 4-3 என்று ஜெயித்தும்விட்டார்கள். ஆனால் கடைசி இன்னிங்ஸ்களை முடித்துக்கொடுத்துக்கொண்டிருந்த ரிலீவர் பெட்ரோ ஸ்ட்ராப், அந்த ஆட்டத்தில் தானே பேட் பிடிக்க வேண்டி வந்தது. நேஷனல் லீகில் அப்போது பிட்சர்களும் பேட் செய்யவேண்டும், 2022-ல்தான் அதை நிரந்தரமாக மாற்றினார்கள். பந்து தரையில் உருண்டது, முதல் பேஸை நோக்கி ஓடியபோது தொடையின் பின்தசையைப் பிடித்துக்கொண்டார். ஜெயித்த ஆட்டம்தான். என் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன் தம்பி, ஓர் ஆட்டம் தோற்றால் என்ன என்று. 162 ஆட்டம் முடிந்தபோது கப்ஸ் 95 வெற்றி, 67 தோல்வி. ப்ரூவர்ஸும் 95, 67. இன்னும் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தால் போதும். ஏப்ரல் மாதம் குளிரில் கால் நடுங்கிக்கொண்டு கோட்டைவிட்ட ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டமாகக்கூட இருக்கலாம். பிரிவில் முதலிடம் யாருக்கு என்று முடிவுசெய்ய 163-வது ஆட்டம் ஒன்று வைத்தார்கள், அக்டோபர் 1, ரிக்லியில். 1-3 என்று தோற்றோம். மறுநாளே கொலராடோ ராக்கீஸோடு, தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டம், 13 இன்னிங்ஸ், 1-2. அத்தோடு சீசன் முடிந்தது. என் அட்டையில் பத்து இன்னிங்ஸுக்குத்தான் கட்டம் இருந்தது, மீதி மூன்றையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். இப்போது 163-வது ஆட்டம் என்ற வழக்கமே இல்லை, 2022-லிருந்து நேருக்கு நேர் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கே இடம்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2016-ல் இதே கப்ஸ் 108 வருடத்துக்குப் பிறகு உலகத் தொடரை ஜெயித்தார்கள். அந்த வருடம் லீகில் 58 ஆட்டம் தோற்றவர்கள். சாம்பியனே 58 முறை தலை குனிந்து வீட்டுக்குப் போயிருக்கிறான். 2024-ல் இதே ஊரின் ஒயிட் சாக்ஸ் 121 தோல்வி, நவீன காலத்தில் யாரும் அத்தனை தோற்றதில்லை. அவர்களும் 41 நாள் ஜெயித்தார்கள், அந்த 41 நாளும் அவர்கள் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதனால் தோற்ற இரவில் நான் ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். வருத்தம் இருக்கும், ஆனால் நாளை ஆட்டம் இருக்கிறது.

கடைசியாக, எங்கே தொடங்குவது? ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் மட்டும் பாருங்கள், ஐந்து ஸ்டார்ட்டர்களும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். யார் வேகமாக எறிகிறார், யார் வளைத்து எறிகிறார் என்பது அந்த ஐந்து நாளில் பிடிபட்டுவிடும். கோடையில் கோவைக்கும் சிகாகோவுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். இங்கே இரவு 7:05-க்குத் தொடங்கினால் உங்களுக்கு விடிகாலை 5:35, காப்பியோடு பார்க்கலாம். ரிக்லியில் இரவு ஆட்டங்களுக்கு மாநகராட்சி வரம்பு வைத்திருப்பதால் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் பகல் ஆட்டம்தான். இங்கே மதியம் 1:20, உங்களுக்கு இரவு 11:50. மறுநாள் லீவு என்றால் உட்காருங்கள். ஆரம்பித்ததும் கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பாருங்கள். ஏரியை நோக்கி வெளியே அடித்தால் ஹோம் ரன் நிறைய வரும், ஏரியிலிருந்து உள்ளே வீசினால் பந்து காற்றிலேயே செத்து விழும்.

ஒரு பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள், அழிப்பான் உள்ளதாக. ஸ்கோர் அட்டை எழுதுவது எப்படி என்று தனியாக ஒரு வீடியோ போடுகிறேன். சரி, அடுத்த கேள்வியோடு அடுத்த முறை பார்ப்போம்.