மதில் கட்ட முன்னம் ஒரு கொப்பு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் அதிபர்மாரே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய சனசமூக நிலையத்தாரே, அம்மாமாரே, பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் நன்றியுரை சொல்பவர் சேர்த்துக்கொள்வார்.

உலர்தாவரத் தொகுப்புகளும் அரிய செடிகளும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: தொகுப்பு எப்படி உருவாகிறது, ஆய்வாளர் அதில் என்ன தேடுகிறார், காய்ந்த இலையிலிருந்து மரபணு எடுப்பது எப்படி.

முதலாவது சுலபம். பூவோ காயோ உள்ள கொப்பைப் பேப்பருக்கிடையில் அமத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது சருகு. 1670களில் ஒல்லாந்துக் கம்பனி வைத்தியர் போல் ஹெர்மன் இலங்கையில் சேர்த்த தாள்களை வைத்துத்தான், இங்கே காலே வைக்காத சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் நமது தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தத் தாள்கள் இன்றும் லண்டனில் இருக்கின்றன.

‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்பார்கள். ஊர் சொல்லமாட்டேன், ஒரு கதை. உயர்தரம் படித்த பிள்ளையொன்று வேலியில் படர்ந்த குறிஞ்சாவை எடுத்து, பேப்பரில் வைத்து அரிசி மூட்டைக்கு அடியில் அமத்தினாள். லேபிளும் ஒழுங்காக எழுதினாள்: ‘மேற்கு வேலி, கிணற்றடியிலிருந்து 18 அடி, கிளுவையில் படர்ந்தது.’ சில வருடம் போனது. பக்கத்து வளவுக்காரர் கதியாலைப் பிடுங்கிவிட்டு, 4 அடி இங்கால தள்ளி மதிலுக்கு அத்திவாரம் வெட்டினார். கேட்கவேண்டுமா, சண்டைதான். விதானையார் வந்து, “வேலி எங்கே நின்றது, யார் சாட்சி?” என்றார். மதில்காரர் தன் மச்சானைக் காட்டினார். ஓணான்! பிள்ளையின் அம்மம்மா பேசாமல் உள்ளே போனார், பேப்பரோடு வந்தார். விதானையார் கண்ணாடியை மாட்டி லேபிளை வாசித்து, அளக்க நாடா கேட்டார். 18 அடியில் தோண்டினால் பழைய கிளுவை வேர்! மதில்காரர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாராம்.

ஆய்வாளரும் இதைத்தான் செய்கிறார். பழைய தாளில் எழுதிய ஊருக்கு, அது பூத்த மாதத்திலேயே போய், செடி இன்னும் நிற்கிறதா என்று பார்க்கிறார். பேராதனைத் தேசிய உலர்தாவரத் தொகுப்பில் அப்படிப் பார்க்க அலுமாரி அலுமாரியாகத் தாள் இருக்கிறது. ‘குருடியா சைலானிக்கா’ என்ற மரம் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களைக் குறிக்கும் 2012ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியலில் அழிந்துபோனதாக இருந்தது. 2019இல் கம்பஹாப் பக்கம் ஒன்று உயிரோடு நிற்பது தெரியவந்தது. 2021இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப் பார்த்தபோது நாடே கதைத்தது.

நெடுஞ்சாலை என்றால் சனம் கூடுகிறது, மதிலுக்கு யார் கூடுகிறோம்? கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் போய், அவற்றில் ஏறிய முசுட்டையும் மொசுமொசுக்கையும் தூதுவளையும் போகின்றன. ஓணானும் போகிறது, பிறகு பழமொழிக்குக்கூட ஆளில்லை. மரபணு விஷயத்தை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன், தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஐயா. மதில் கட்ட மேசன் வருவதற்கு முதல் நாள் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். பழைய பேப்பர் நாங்களே கொண்டுவருகிறோம்.