குளத்துல பறவை எண்ணினா வேலை கிடைக்குமா?

(காட்சி: விடியற்காலை. நெல்லை மாவட்டம், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயக் கரை. தண்ணிக்கு மேல பனிமூட்டம்.)

குரல்: "சமூக சேவையில் ஆர்வம் உண்டு." பயோடேட்டாவோட கடைசி வரியில இதை எழுதாத ஆளே இல்ல. அதனாலேயே அந்த வரியை யாரும் படிக்கிறதும் இல்ல. தன்னார்வப் பணி வேலை தேடும்போது கைகொடுக்கும்தான். ஆனா செஞ்சது என்னன்னு எண்ணுலயும் எழுத்துலயும் எங்கயாவது பதிவாகி இருக்கணும். நெல்லைச் சீமையில அதுக்குத் தோதான வேலை குளத்தங்கரையிலயே இருக்கு.

வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்சதும், ஜனவரியில, குளம் மறுகால் பாய்ஞ்சு தளும்பி நிக்கும். மத்திய ஆசியாவுல இருந்து இமயமலையைத் தாண்டி வர்ற பட்டைத்தலை வாத்தைக் கூந்தன்குளத்துல பாக்கிற காலமும் இதுதான். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் இந்த மாசத்துலதான் நடக்குது. மணிமுத்தாறுல இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்ற அமைப்புகளோட சேர்ந்து இதை நடத்துது.

(காட்சி: பைனாகுலர், நோட்டு, பென்சில்.)

எட்டு மடங்கு பெருசாக் காட்டுற பைனாகுலர் போதும். பன்னிரண்டு மடங்குல வாங்கினா கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காத் தெரியும். பேனா வேண்டாம், பனியில நோட்டு நனைஞ்சா மை ஊறிடும். பென்சில் கொண்டு போங்க. காலையில கிழக்குக் கரையில நின்னு மேற்கே பாருங்க. எதிர்வெயில்ல பாத்தா எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

எண்ணுறதுக்கு ஒரு வழி இருக்கு. கூட்டத்தோட ஓரத்துல பத்துப் பறவையை ஒவ்வொண்ணா எண்ணுங்க. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல பிடிச்சுக்கிட்டு, அதே அளவைக் கூட்டம் முழுக்க வச்சு வச்சு நகருங்க. பெரிய கூட்டம்னா நூறு நூறா. ஒருத்தர் பாத்துச் சொல்ல, இன்னொருத்தர் எழுதணும். ஒரே ஆள் ரெண்டையும் செஞ்சா, குனிஞ்சு எழுதி நிமிர்றதுக்குள்ள கூட்டம் இடம் மாறியிருக்கும்.

தப்பு பெரும்பாலும் மூணு இடத்துல வரும். ஒண்ணு, ரெண்டு குழு ரெண்டு கரையில நின்னு ஒரே கூட்டத்தை எண்ணுறது. கூட்டம் பறந்தா மணியையும் திசையையும் குறிச்சு வச்சா, பிறகு ஒப்பிட்டுக் கழிச்சிடலாம். ரெண்டாவது, நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் மாத்தி எழுதுறது. பேருக்கு ஏத்த மாதிரி நாமக்கோழிக்கு நெத்தியில வெள்ளை. தாழைக்கோழிக்குச் சிவப்பு, அலகு நுனி மஞ்சள். மூணாவது, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதுறது. இதுதான் மோசம். "அடையாளம் தெரியாத வாத்து, 40"ன்னு எழுதினா அது உபயோகமான பதிவு. ஊகிச்சு ஒரு பேரை எழுதினா அந்தக் குளத்தோட கணக்கே கெட்டுப்போகும்.

(காட்சி: நோட்டுல இருந்து கணினிக்கு மாறும் அட்டவணை.)

இதுல வேலைக்கு ஆகுறது எது? வெளியிடத்துல தகவல் திரட்டுறது, அட்டவணையில ஏத்துறது, தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்துறது. ஆய்வு உதவியாளர் வேலைக்கும், கிராமங்கள்ல கணக்கெடுக்கிற வேலைக்கும் இதையேதான் கேக்கறாங்க. பயோடேட்டாவுல இப்படி எழுதுங்க: "நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 2 ஆண்டுகள், 5 குளங்கள், 4 பேர் குழுவில் பதிவாளர்." நேர்முகத்துல கேள்வி அந்த வரியில இருந்து வந்தா உங்களுக்கு லாபம், ஏன்னா பதில் உங்க நோட்டுலயே இருக்கு.

சொந்த வாழ்க்கைக்கும் ஆதாயம் உண்டு. கல்லூரிப் பையன், ரிட்டயர்டு வாத்தியார், மடை திறக்கிற விவசாயின்னு எல்லாரும் ஒரே கரையில நிப்பாங்க. மூத்தவங்களோட கூச்சமில்லாமப் பேசப் பழகுறதுக்கு இந்த ஊர்ல இதைவிட லேசான இடம் இல்ல. அப்புறம், காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறது. அது அவங்கவங்க பாடு.

கல்லூரியில நாட்டு நலப்பணித் திட்டத்துல இருந்தா ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், கூடவே 7 நாள் சிறப்பு முகாம். வருகைப் பதிவுல கையெழுத்து மட்டும் போட்டுச் சான்றிதழ் வாங்கினவங்க, "என்ன செஞ்சீங்க?"ங்கிற முதல் கேள்வியிலயே மாட்டிக்குவாங்க. அந்த மணி நேரத்துல கொஞ்சத்தைக் குளத்துக்கு ஒதுக்க முடியுமான்னு திட்ட அலுவலர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க.

2023 டிசம்பர் 17, 18-ல நெல்லைப் பக்கம் வந்த வெள்ளத்துல உதவிக்கு ஓடினவங்க ரொம்பப் பேர். அந்த நேரத்துல யாரும் தேதி எழுதிக்கிட்டு நிக்க முடியாது, நிக்கவும் கூடாது. ஆனா வருஷா வருஷம் வர்ற வேலைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

(காட்சி: கையெழுத்திட்ட கடிதம்.)

கணக்கெடுப்பு முடிஞ்ச ஒரு மாசத்துக்குள்ள ஒருங்கிணைப்பாளர்கிட்ட கடிதம் கேளுங்க. வருஷம் கழிச்சுக் கேட்டா அவருக்கு உங்க முகமே ஞாபகம் இருக்காது. தேதி, குளத்தோட பேரு, நீங்க செஞ்ச வேலை, மூணும் அதுல இருக்கணும். "நன்னடத்தை உள்ளவர்"னு மட்டும் எழுதித் தந்தா, நோட்டை எடுத்துக் காட்டி அந்த மூணையும் சேத்துத் தரச் சொல்லி வாங்கிட்டு வாங்க.